நஜ்முன்னிசா தின்னாத பேரீச்சம்பழம்

மும்பை தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில், அதாவது கல்லிகளில், நஜ்முன்னிசாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவளிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அதைவிடக் குறைவு. ஐம்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு. தலைத்துணி நழுவ நழுவ இழுத்து விட்டுக்கொண்டே பேசுவாள். அவள் சண்டை போடும்போது எதிராளிக்கு மூச்சுவிடக் கிடைக்கும் இடைவெளி அந்த இழுப்புதான்.

புருஷன் மௌத்தாகி, விதவை வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த மறுநாள், கொழுந்தன் திருநெல்வேலியிலிருந்து டிக்கெட்டோடு வந்து நின்றார். பெட்டியைக் கட்டுங்கள், ஊருக்குப் போகலாம் என்றார். நஜ்முன்னிசா அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "பெட்டி ஏது, வீட்டுல கொடிக்கயிறுதான் இருக்கு, அதக் கட்டியாச்சு" என்றாள். அப்போது ஏழு வயதான மகன் யாசரை நடுவருஷத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது என்றார்கள். மூன்று நாள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பியூனே படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அப்படிப்பட்ட ஆள் அவள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவள் பொய் சொல்லமாட்டாள். இதை நல்ல குணம் என்று சொல்ல வரவில்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பல சமயம் பெரிய தலைவலி. கல்யாண வீட்டில், பிரியாணி எப்படி என்று மரியாதைக்குக் கேட்ட மாப்பிள்ளையின் வாப்பாவிடமே உப்புக் கூடிப்போச்சு என்று சொன்னவள். ஆனால் அவள் ஒன்றைச் சொன்னால் அது அப்படித்தான் என்று கல்லியில் எல்லோருக்கும் தெரியும். சொத்து என்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அந்தச் சொத்துக்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது, அதுவும் பேரீச்சம்பழத்தால்.

ஆறு வருஷமாக அவள் கரீம் பாட்சாவின் குடோனில் வேலை பார்க்கிறாள். கரீம் பாட்சா உலர்பழ வியாபாரி. பேரீச்சம்பழம், அத்தி, திராட்சை எல்லாம் மூட்டையாகவும் பெட்டியாகவும் வரும். ரமலானுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வேலை சூடுபிடித்துவிடும். ஒரு நீள மேஜையைச் சுற்றி நான்கு பெண்கள் உட்கார்ந்து, சின்னக் கத்தியால் பழத்தைக் கீறி, கொட்டையை உருவி, அந்த இடத்தில் ஒரு பாதாமை வைத்து மூடி, அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். வலது கையில் கத்தி, இடது கையில் பழம். கரீம் பாட்சா பிளாஸ்டிக் கையுறை வாங்கிப் போட்டிருந்தார். கொட்டையின் முனை குத்தி இடது கையுறை அரைமணியில் கிழிந்துவிடும். கிழிந்த கையுறைக்குள் பழம் வழுக்கும், கத்தி விரலில் ஏறும். அதனால் எல்லோரும் வலது கைக்கு மட்டும் போட்டுக்கொண்டு இடது கையை வெறுமனே விட்டுவிடுவார்கள். காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது கையை நன்றாகக் கழுவிவிட்டு உட்காருவார்கள். அதற்குப் பிறகு டிரம்மில் பிடித்துவைத்த தண்ணீர்தான், அது குடிக்கவும், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்யவும். சாயங்காலம் கிளம்பும்போது ஆளுக்கொரு ஈரத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போவார்கள். நாள் முழுக்க அதே துணி.

நஜ்முன்னிசாவுக்குச் சர்க்கரை இருப்பது மூன்று வருஷத்துக்கு முன்பு தெரிந்தது. ஒரு மாத்திரையில் அடங்கியிருந்தது. போன வருஷம் யாசர் ஒரு சுகர் மிஷின் வாங்கினான். மொபைல் கவரும் சார்ஜரும் விற்கும் அவன் கடை தொண்ணூறு அடி ரோட்டில், அவள் வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. தினமும் ஆறு மணிக்கு அவள் கடையில் நிற்பாள். அவன் அவளுடைய இடது கை மோதிர விரலைப் பிடித்து, ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்து, ஊசியால் குத்தி, வந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதுவான். வலது கை வேலை செய்கிற கை, அது வலிக்கக்கூடாது என்று இடது கை. பாசத்தில் குறையில்லாத பிள்ளைதான்.

முதல் நாள் இருநூற்று அறுபத்தெட்டு. மறுநாள் முந்நூற்றுப் பதினொன்று. அடுத்த நாள் இருநூற்று எண்பத்துநாலு.

"உம்மா, சச் போலோ, நெசத்தச் சொல்லுங்க. பழம் திங்கியளா?" என்றான் யாசர்.

"இல்லலே."

"ஒண்ணு கூடவா?"

"டாக்டர் வேண்டாம்னு சொன்ன நாள்ல இருந்து ஒண்ணு கூட வாயில வைக்கல. கொட்டைய நக்கல. போதுமா?"

அவன் நம்பினான், ஒரு வாரம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கணக்கு வந்து கெடுத்தது. வெள்ளிக்கிழமை குடோன் லீவு. அன்று வீட்டிலேயே வைத்து யாசரின் மனைவி சஃப்ரீன் பார்ப்பாள். நூற்று இருபத்தெட்டு. அடுத்த வெள்ளி நூற்று முப்பத்துநாலு. மற்ற ஆறு நாளும் முந்நூறு பக்கம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வீட்டில் கண்ணெதிரே இருந்தால் ஏறவில்லை, பழத்துக்கு நடுவே உட்கார்ந்தால் ஏறுகிறது. நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் நினைத்திருப்போம். சஃப்ரீன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, மாமியின் பையைத் துவைக்க எடுக்கும்போது உள்ளே கைவிட்டுத் துழாவினாள். நஜ்முன்னிசா அதைப் பார்த்துவிட்டாள். அன்று இரவுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

நடுவில் ஒரே ஒரு நாள் வேறு மாதிரி வந்தது. சரக்கு சீக்கிரம் தீர்ந்துபோய், அவள் சாயங்காலத் தொழுகையான அஸருக்கு ஒளு செய்து தொழுதுவிட்டு நேரே கிளம்பிய நாள். நூற்று முப்பத்தெட்டு. "பாத்தியளா, மனசு வச்சா முடியுதுல்ல" என்று யாசர் அன்று பெருமையாகச் சொன்னான். வெந்த புண்ணில் அது வேல்தான். அவள் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள். சண்டை போடாமல் போகிற நஜ்முன்னிசாவை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் அதன் அர்த்தம் அவனுக்குப் புரியவில்லை.

கல்லியில் விஷயம் பரவிவிட்டது. கரீம் பாட்சா ஒருநாள் மேஜைக்கு வந்து, நாலு பேர் கேட்க, பெரிய மனசோடு சொன்னார்: "தின்னா தின்னுட்டுப் போங்க லாத்தா. நான் கேட்டனா? நாலு பழத்துல நான் என்ன கெட்டாபோயிருவேன்? உங்க உடம்புக்குத்தான் சொல்லுதேன்."

திட்டியிருந்தால் அவள் திருப்பித் திட்டியிருப்பாள். இந்தத் தாராளத்துக்கு என்ன பதில் சொல்வது? திருடி என்று சொல்லி மன்னித்தும் விட்டார் மனுஷன். நஜ்முன்னிசாவுக்குக் காது மடல் வரை சுட்டது.

"தம்பி, நான் திங்கல."

"சரி லாத்தா, சரி. அல்லாஹ் அறிவான்."

"அவன் அறிவான். நீங்களும் அறியணும்லா?"

கரீம் பாட்சா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

யாசர் நோட்டை எடுத்துக்கொண்டு அவளை டாக்டர் ஷ்யாமளாவிடம் கூட்டிப் போனான். மாட்டுங்காவிலிருந்து வந்து தாராவியில் கிளினிக் நடத்துகிறவர், பொறுமையானவர். நோட்டைப் புரட்டினார், முகம் மாறியது. மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எண்கள் இவ்வளவு ஏறிக் கிடப்பதால் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்.

"இந்த மாத்திரை போட்டுண்டு சாப்பிடாம இருக்கப்படாது மாமி. கை கால் நடுங்கித்துன்னா, வேர்த்து விட்டுதுன்னா, சட்டுனு ஏதாவது தித்திப்பா வாயில போட்டுக்கணும். சர்க்கரை இறங்கிடுத்துன்னு அர்த்தம்."

"நான் பழம் திங்கல டாக்டர்" என்றாள் நஜ்முன்னிசா.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க சொல்லல. நோட்டு சொல்லுது."

வெளியே வந்ததும் யாசர் முடிவாகச் சொல்லிவிட்டான். குடோன் வேலை இந்த வாரத்தோடு சரி. கரீம் பாட்சாவிடமும் பேசிவிட்டானாம். அவள் நடுரோட்டில் நின்றாள்.

"ஒரு வாரம் இருக்குல்லா? அதுக்குள்ள நான் திருடித் தின்னேன்னு எவனாவது கண்ணால பாத்துச் சொல்லட்டும், நானே வீட்டுல உக்காந்துக்கிடுதேன். இல்லன்னா என் எடத்துல இருந்து என்னைய எவனும் எழுப்ப முடியாது. நீயும் முடியாது."

அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. முந்நூறு என்றால் சும்மாவா? தின்னாமலே ஏறுகிறது என்றால் உடம்புக்குள் என்னவோ பெரிதாகக் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தாள். சோற்றைக் குறைத்தாள், காலையில் பாவ் ரொட்டி தின்பதை நிறுத்தினாள். புது மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டாள். அந்தக் கிறுக்குத்தனம் அவளைக் கொன்றிருக்கும்.

நான்காம் நாள் மதியம், லுஹர் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துமாரிதான் முதலில் பார்த்தாள். நஜ்முன்னிசாவின் கையில் கத்தி தாளம் போட்டது. பாதாம் பழத்துக்குள் போகாமல் மேஜையில் உருண்டது. முகத்திலிருந்து வேர்வை பெட்டியின் மேல் சொட்டியது.

"அக்கா, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. பசிக்கி. ஒருமாதிரி பசிக்கி."

"ஒரு பழத்தப் போடுங்க வாயில."

"சீ, அங்கிட்டு எடு."

முத்துமாரி கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு யாசருக்கு போன் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் அவன் மிஷினோடு ஓடிவந்தான். அதே இடது கை, அதே மோதிர விரல், அதே ஸ்பிரிட் பஞ்சு. இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

யாசர் தலையில் கையை வைத்துக்கொண்டான். "இப்பவுமா உம்மா? இவ்வளவு மாத்திரை போட்டும் இருநூத்தித் தொண்ணூத்தாறு. உசிர விட்டுத்தான் அந்தப் பழத்தத் திங்கணுமா?"

கரீம் பாட்சா வாசலில் வந்து நின்றார். நான்கு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நஜ்முன்னிசாவுக்குக் கண் மங்கியது, நாக்குத் தடித்தது. ஆனால் அந்தத் தலைக்குள் ஒன்று மட்டும் பிடிவாதமாக எரிந்துகொண்டிருந்தது. நடுங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். நடுங்குகிறது. மிஷின் ஏறிவிட்டது என்கிறது. இரண்டில் ஒன்று பொய். தான் பொய் சொல்கிற ஆள் இல்லை, தன் உடம்பும் இல்லை.

அப்போது பள்ளிவாசலில் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். முப்பது நாற்பது வருஷப் பழக்கம், அவள் கண் தானாக டிரம் பக்கம் போனது. ஒளு. அஸருக்கு ஒளு செய்துவிட்டுக் கிளம்பிய அந்த ஒரு நாள். வெள்ளிக்கிழமைகள். அவள் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். விரலும் விரலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"முத்துமாரி, தண்ணி கொண்டா. சோப்பும் கொண்டா."

"இப்ப எதுக்கு உம்மா" என்றான் யாசர்.

"கொண்டாங்கேன்லா."

முத்துமாரி சொம்பில் மொண்டு ஊற்ற, மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்த சுலைகா சோப்பைத் தேய்த்து விட்டாள். துணியால் துடைக்க விடவில்லை நஜ்முன்னிசா, அந்தத் துணியைக் காலால் தள்ளினாள். முந்தானையில் ஈரத்தை ஒற்றி, அதே விரலை மகன் முன் நீட்டினாள்.

"இப்பக் குத்து."

குத்தினான். மிஷின் ஐந்து எண்ணுகிற நேரம் எடுத்துக்கொண்டது. ஐம்பத்துநாலு.

யாசர் அதைப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், மறுபடி பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனது. முதல் ஆளாக மேஜைக்குப் பாய்ந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்ததும் அவன்தான். கொட்டையை எடுக்க மறந்து, திரும்ப எடுத்து, பிய்த்து உம்மாவின் வாயருகே கொண்டுபோனான்.

நஜ்முன்னிசா வாயை மூடிக்கொண்டாள்.

"தொறங்க உம்மா. அம்பத்தி நாலும்மா."

"இருக்கட்டும். மொதல்ல சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"நான் திங்கலன்னு சொல்லு. இங்கன நிக்குற எல்லாருக்கும் கேக்குறாப்புல சொல்லு."

"தின்னுட்டுப் பேசுவோம், உங்களுக்குப் பைத்தியமா?"

அவள் உதட்டை இன்னும் இறுக்கினாள். தலை ஆடியது, உட்கார முடியவில்லை, முத்துமாரியின் மேல் சாய்ந்துகொண்டிருந்தாள். வாய் மட்டும் பூட்டுப் போட்டாற்போல் இருந்தது.

யாசர் திரும்பி கரீம் பாட்சாவைப் பார்த்துச் சொன்னான். "எங்க உம்மா திங்கல. ஒரு நாளும் திங்கல. கையில ஒட்டியிருந்த பழத்தத்தான் நான் இத்தன நாளா அளந்திருக்கேன். தப்பு என்னுதுதான்."

வாய் திறந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு நஜ்முன்னிசா பேரீச்சம்பழம் தின்றாள், மகன் கையால், எல்லோர் முன்னாலும். அதற்குள் சுலைகா டீக்கடையிலிருந்து சர்க்கரை கரைத்த தண்ணீர் கொண்டுவந்தாள். அதையும் குடித்தாள். கால்மணியில் நடுக்கம் நின்றது.

"போயிச் சேந்திருந்தா என்ன பண்ணுவிய?" என்று முத்துமாரி கோபத்தில் அழுதாள்.

"சொல்ல வைக்காம நான் போயிச் சேந்தா, உம்மா திருடித் தின்னு செத்தான்னுல்லா இவன் காலமெல்லாம் சொல்லிட்டுத் திரிவான்" என்றாள் நஜ்முன்னிசா.

டாக்டர் ஷ்யாமளா விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். "கை அலம்பிண்டு பாத்தேளான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலை. என் தப்பு" என்றார். பழச்சாறு விரலில் லேசாக இருந்தால் போதும், குத்தும் சொட்டு ரத்தத்தில் அது கலந்து எண்ணைத் தூக்கிவிடும், ஸ்பிரிட் பஞ்சுக்கு அது முழுசாகப் போகாது என்றார். சீட்டிலிருந்து புது மாத்திரையை அடித்துவிட்டார். சராசரிப் பரிசோதனையும் வந்தது, ஏழு சதவீதம். அவள் வயசுக்கு மோசமில்லை. இனிமேல் மயக்கம் வந்தால் பழத்தைத் தேடாதீர்கள், சர்க்கரைத் தண்ணீர்தான் சட்டென்று ஏறும் என்றும் சொன்னார்.

"அப்ப நான் பழம் திங்கலாமா, கூடாதா?"

"உலர்ந்த பழம்னா தண்ணிதான் போயிருக்கு மாமி, சர்க்கரை அப்படியே உள்ள இருக்கு. நன்னாவே ஏத்தும். ஆனா ஒண்ணு ரெண்டு, பாதாம் மாதிரி ஏதாவது கூட வச்சு, சாப்பாட்டுல கொஞ்சம் குறைச்சுண்டு சாப்பிடலாம். உங்களுக்கு எவ்வளவு ஏத்தறதுன்னு நீங்களே பாருங்கோ. மிஷின் இருக்கே."

பார்க்காமல் விடுவாளா? அடுத்த வெள்ளிக்கிழமை சோப்புப் போட்டுக் கை கழுவிக் குத்திக்கொண்டாள், நூற்று இருபத்துநாலு. பாதாமோடு இரண்டு பழம் தின்றாள். ஒன்றரை மணி நேரம் கழித்து நூற்று ஐம்பத்தெட்டு. அதற்கடுத்த வெள்ளி, சஃப்ரீன் வேண்டாம் மாமி என்று கெஞ்சக் கெஞ்ச, வெறுமனே ஐந்து பழம். இருநூற்று முப்பத்தொன்று. யாசரின் நோட்டிலேயே இரண்டையும் எழுத வைத்தாள்.

இதோடு கதை முடிந்திருக்கலாம். கரீம் பாட்சா விடவில்லை. நடந்ததில் அவருக்கு ஒரு வியாபாரம் தெரிந்தது. 'இயற்கை இனிப்பு, சுகர் ஏறாது' என்று பச்சை எழுத்தில் ஸ்டிக்கர் அடித்து ரோலாகக் கொண்டுவந்தார். பிறகு போனை எடுத்து நஜ்முன்னிசாவின் முன் நீட்டினார், வாட்ஸப்பில் போட ஒரு சின்ன வீடியோ.

"லாத்தா, நெசத்தத்தான் சொல்லப்போறிய. நாள் பூரா பேரிச்சம்பழத்துக்கு நடுவுல இருக்கேன், பழமும் திங்கேன், எனக்கு சுகர் நார்மல். அவ்வளவுதான். இதுல பொய் எங்க இருக்கு?"

"சரி, எடுங்க" என்றாள் அவள்.

தலைத்துணியைச் சரியாக இழுத்துக்கொண்டாள். "நான் நஜ்முன்னிசா, தாராவி. எனக்கு சுகர் இருக்கு. இந்தப் பழம் நல்ல பழம், அதுல கொறை சொல்லமாட்டேன். ரெண்டு தின்னா எனக்கு முப்பத்தி நாலு ஏறிச்சு. அஞ்சு தின்னா நூறுக்கு மேல ஏறிச்சு. இயற்கையா வந்த இனிப்பும் இனிப்புதான், ஏறத்தான் செய்யும். நீங்க உங்க கையக் கழுவிட்டுப் பாத்துட்டுத் தின்னுங்க."

கரீம் பாட்சா பாதியிலேயே போனைத் தாழ்த்திவிட்டார். "ஏன் லாத்தா என் பொழப்புல மண்ணள்ளிப் போடுதிய? பாதியோட நிறுத்தியிருந்தா என்னவாம்?"

"பாதியப் பாத்துட்டுத்தான தம்பி ரெண்டு மாசமா என்னையத் திருடின்னிய?"

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஸ்டிக்கர் ரோலை அவள் முன்னால் போட்டார். "அடிச்சாச்சு. ஒட்டித்தான் ஆகணும். ஒட்ட முடியாதுன்னா எடத்தக் காலி பண்ணுங்க."

எந்த இடத்துக்காக அவள் மகனோடு மல்லுக்கு நின்றாளோ அதே இடம். நஜ்முன்னிசா எழுந்திருக்கவில்லை. ரோலைத் தொடவும் இல்லை. "என்னையப் போகச் சொன்னா போறேன், இன்னைக்கி வேலைய முடிச்சுட்டு. பொய்ய மட்டும் ஒட்டமாட்டேன்" என்றாள்.

கரீம் பாட்சா ரோலை எடுத்து முத்துமாரியின் முன்னால் வைத்தார். முத்துமாரி அதைப் பார்த்தாள், தன் இடது கையைப் பார்த்தாள்.

"என் கை பிசுபிசுன்னு இருக்கு மொதலாளி. ஒட்டினா கோணலாப் போயிரும்."

சுலைகாவின் பக்கம் திரும்பினார். "என் கையுந்தான்" என்றாள் அவள். நான்காமவள் கேட்பதற்கு முன்பே கையை விரித்துக் காட்டிவிட்டாள்.

கரீம் பாட்சா காலிப் பெட்டிகளின் அடுக்கைப் பார்த்தார். ரமலானுக்கு மூன்று வாரம் இருந்தது, நூற்றுக்கணக்கில் பெட்டிகள் பாக்கி. பிறகு ரோலைத் தூக்கி அலமாரியின் மேல் போட்டுவிட்டு வெளியே போனார்.

நஜ்முன்னிசா தட்டிலிருந்து அடுத்த பழத்தை எடுத்துக் கீறினாள்.